காலியாக விட்ட கட்டம்

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் பட்டியல் வெளியானபோது அவள் விமான நிலையத்தின் பணியாளர் அறையில் காபி இயந்திரத்தின் முன்னால் நின்றிருந்தாள். சட்டைப்பையில் கைப்பேசி துடிக்க ஆரம்பித்து நிற்கவேயில்லை. எடுத்துப் பார்த்தாள். துணை விமானிகளின் குழுவில் வாழ்த்து மழை. யாருக்கென்று பார்க்காமல் அவளும் ஒரு கைதட்டல் படத்தைப் போட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் பட்டியலைத் திறந்தாள்.

கேப்டனாக உயர்த்தப்படுபவர்கள் ஆறு பேர். முதல் பெயர் அவளுடையது.

தனக்குத் தானே கைதட்டியிருக்கிறாள். அதை அழிக்கப் போவதற்குள் பதினோரு பேர் சிரித்துவிட்டார்கள்.

"என்ன நம்பர் ஒன், கடைசில மனசு எறங்கிட்டீங்க போல." பின்னால் வந்த மூத்த கேப்டன் ஒருவர் அவள் தோளைத் தாண்டிக் கை நீட்டி ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டார். "வாங்க வாங்க. சீட்டு ஒன்னும் தூரம் இல்ல. நாலடி இந்தப் பக்கம்."

அவள் சிரித்துவைத்தாள். பட்டியலை இன்னொரு தடவை பார்த்தாள்.

நம்பர் ஒன் என்பது அவளுக்கு அங்கே வைத்த பெயர். துணை விமானிகளின் வரிசையில் அவள்தான் முதலாவது. அந்தத் தொழிலில் எல்லாமே வரிசைதான். எந்த நாளில் பறப்பது, எந்த நாளில் வீட்டில் இருப்பது, யாருக்கு எப்போது விடுமுறை, எல்லாவற்றையும் முதலில் இருப்பவர் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கீழே தள்ளுவார். ஒன்பது வருடம் மிச்சத்தைத் தின்று ஏறி வந்தவள் அவள். இப்போது மாதா மாதம் முதலில் கைவைப்பது அவள்தான். செவ்வாய், வெள்ளி, சனி, ஞாயிறு வீட்டில். மற்ற மூன்று நாளும் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் வீட்டில்.

கேப்டன்களுக்கு வேறு வரிசை. அதில் வேலைக்குச் சேர்ந்த நாள் கணக்கில் வராது, கேப்டனான நாள்தான் கணக்கு. சம்பளம் ஒன்றே முக்கால் மடங்கு ஆகும். ஆனால் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். அங்கே நிற்பவர்களுக்கு ரிசர்வ் என்று பெயர். பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு வீட்டிலேயே இருக்க வேண்டும். தொலைபேசி அடித்தால் தொண்ணூறு நிமிடத்தில் விமான நிலையம். அடிக்கலாம், அடிக்காமலும் போகலாம்.

அதனால்தான் மூன்று வருடமாக வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நேராகச் சொல்ல முடியாது. விருப்பப் படிவத்தை வெறுமையாக அனுப்பினால், உனக்கு முன்னேற ஆசையே இல்லையா என்று பயிற்சி மேலாளர் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசுவார். எனவே எல்லோரும் ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். கேப்டன் பதவிக்கு எதிரே விருப்பம் என்று போட வேண்டும். பக்கத்தில் 'குறைந்தபட்ச இடம்' என்று ஒரு கட்டம் இருக்கும். வரிசையில் எந்த இடம் கிடைத்தால் ஒத்துக்கொள்வீர்கள் என்ற கேள்வி. அதில் ஒன்று என்று எழுதிவிட வேண்டும். புதிதாக வருபவருக்கு முதல் இடம் ஒருநாளும் கிடைக்காது. மரியாதைக்கு மரியாதை, மறுப்புக்கு மறுப்பு.

இந்த வருடமும் அப்படித்தான் எழுதினாளா? நினைத்துப் பார்த்தாள். நீச்சல் குளத்தின் படியில் உட்கார்ந்து, ஈரக் கையால், கைப்பேசியில் நிரப்பினாள். இன்னொரு கையை எட்டு வயது மகள் விடாமல் பிடித்திருந்தாள். 'அம்மா, கைய விட்டா முழுகிடுவேன்.' இந்த வாக்கியம் நினைவிருக்கிறது. கட்டம் நினைவில்லை.

அன்று அவளோடு பறக்க வந்த கேப்டன் கொசு. வானொலியில் பேசும்போது குரல் அப்படி இருக்கும் என்று பயிற்சிக் காலத்தில் வைத்த பெயர். அவளைவிட மூன்று வருடம் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவன். அவள் வேண்டாம் என்று விட்ட வழியில் முன்னால் போனவன். கேப்டனுக்கான இடது இருக்கையில் அமர்ந்தாலும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

"இன்னிக்கு உன் பேரு ரோஸ்டர்ல இல்லயே?" என்றாள்.

"காலைல அஞ்சரைக்குக் கூப்பிட்டாங்க. வாய்ல பிரஷ்ஷோட பேசினேன். சரின்னு சொன்னது அவங்களுக்கு வேற மாதிரி கேட்டிருக்கும்."

மேலே ஏறி, வேலை குறைந்ததும் அவள் கட்டத்தைப் பற்றிச் சொன்னாள். கொசு சிரித்த சிரிப்பில் தலையில் மாட்டியிருந்த ஒலிக்கருவி கழன்று கழுத்துக்கு வந்தது.

"ஊரே கேப்டன் சீட்டுக்கு அடிச்சுக்குது. நீங்க கை தவறி கேப்டன் ஆயிருக்கீங்க."

"சிரிக்காத. நாளைக்குப் போய் மாத்தச் சொல்லப் போறேன்."

"ஏன்க்கா மாத்தணும்? பதினாலு மாசம். பல்லக் கடிச்சுட்டு இருந்தா முடிஞ்சுது." அவன் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினான். மேலே இருக்கும் கேப்டன்களின் பிறந்த தேதிகள். ஓய்வுபெறும் நாள் வரும் வரிசையில் அடுக்கியிருந்தான். "முப்பத்தியோரு பேரு போறாங்க. நூத்தி எண்பத்தஞ்சுக்குக் கீழ இருக்கறவங்கதான் ரிசர்வ். நீங்க இருநூத்தி பதிமூணு. கழிச்சுப் பாருங்க."

அவள் ஏற்கெனவே கழித்திருந்தாள். நூற்று எண்பத்திரண்டு.

"எல்லார் பொறந்த நாளும் எனக்கு மனப்பாடம்," என்றான். "என் பொண்டாட்டி பொறந்த நாளத்தான் மறந்துட்டேன். அது வேற கதை."

"அந்தச் சீட்டு எப்படி இருக்கு?"

கொசு கருவிகளைப் பார்த்தபடி சொன்னான். "மொத மாசம் எது வந்தாலும் பக்கத்துல திரும்பிப் பாத்தேன்க்கா. பழக்க தோஷம். பாத்தா, அங்க இருக்கறவன் என்னப் பாத்துட்டிருக்கான்."

நூறு மைல் முன்னால் ஒரு மேகம் எழுந்து நின்றிருந்தது. ராடார் திரையில் அதன் நடு சிவப்பாக இருந்தது. காற்று இடப்பக்கத்திலிருந்து வீசியது. மேகம் வலப்பக்கம் சாய்ந்து நகரும்.

"இடப்பக்கம் சுத்திப் போலாம்," என்றாள்.

"அது ரொம்பச் சுத்து. வலப்பக்கமே நல்லா தள்ளிப் போயிடலாம்."

அவள் காரணத்தைச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டான். எரிபொருளைப் பார்த்தான். வலப்பக்கமே போனான். ஆபத்து ஒன்றுமில்லை, ஆனால் நாலு நிமிடம் விமானம் குண்டும் குழியுமான சாலையில் போகும் வண்டிபோல உதறியது. பின்னாலிருந்து பணிப்பெண் கூப்பிட்டு, மூன்றாவது வரிசைக்காரரின் வெள்ளைச் சட்டை காபிச் சட்டையாகிவிட்டது என்று தெரிவித்தாள்.

"நீங்க சொன்னதுதான் சரி," என்றான் கொசு. "அந்தச் சட்டைக்காரர்கிட்ட திட்டு வாங்கப் போறது நான்."

அவளுக்கு அந்தத் திட்டின் மேல் பொறாமை வந்தது. வந்த பிறகுதான் அது பொறாமை என்று தெரிந்தது. ஒன்பது வருடமாக வலது இருக்கையிலிருந்து அவள் சொன்னவை எல்லாம் யோசனைகள்தான். சரியாக இருந்தாலும் யோசனை. தப்பாக இருந்தாலும் யோசனை.

மாலையில் வீடு திரும்பியபோது கணவன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் தொழில்நுட்பர், அன்று இரவுப் பணி. "எப்படிப் போச்சு?" என்றான். "எப்பவும் போலதான்," என்றாள். அவன் ஒரு நொடி நின்று பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டினான்.

செவ்வாய்க்கிழமை மதியம், மகளை நீச்சலுக்கு அழைத்துப் போகச் சொல்லி அவனிடம் விட்டுவிட்டு, பணிப்பட்டியல் போடும் ரோஸ்டர் அலுவலகத்துக்குப் போனாள். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த அதிகாரி அம்மா, அவளைப் பார்த்ததுமே நாற்காலியைக் காட்டினார்.

"கட்டத்தக் காலியா விட்டவங்கதானே?"

"எப்படித் தெரியும் மேடம்?"

"அந்த முகம் எனக்குத் தெரியும். வருஷத்துக்கு ஒருத்தர் வருவாங்க." திரையைத் திருப்பினார். "பாருங்க. கேப்டன், விருப்பம் உண்டு. குறைந்தபட்ச இடம், ஒன்னும் இல்ல."

"ஒன்னும் போடலன்னா வேணாம்னு எடுத்துக்க மாட்டீங்களா?"

"ஒன்னும் போடலன்னா எந்த இடமா இருந்தாலும் சரின்னு அர்த்தம்மா. கம்ப்யூட்டர் உங்க மனசப் படிக்காது. நானும் படிக்க மாட்டேன்."

"இப்ப என்ன பண்றது?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள மறுக்கலாம். உங்க போன்லயே பட்டன் இருக்கு. மறுத்தா ரெண்டு வருஷத்துக்குப் படிவம் வராது. எதுவும் செய்யலன்னா ஒத்துக்கிட்டீங்கன்னு எடுத்துக்குவோம்." கண்ணாடியைக் கழற்றினார். "போன வருஷம் ஒருத்தர் இதே நாற்காலில உக்காந்து கண்ணு கலங்கினாரு. இன்னிக்குக் கேப்டன். ரிசர்வுக்குக் கூப்பிட்டா மொத மணியிலயே எடுக்கறாரு."

"அஞ்சு மணின்னா சரியா அஞ்சு மணியா?"

"அஞ்சு ஒன்னுக்கு நான் பஸ்ல இருப்பேன்."

வாசலிலேயே நின்று பட்டனை அழுத்திவிடலாம் என்று கைப்பேசியை எடுத்தாள். 'மறுக்கிறேன்' என்று சாம்பல் நிறத்தில் இருந்தது. கட்டைவிரல் அதன் மேலேயே நின்றது. நீச்சலுக்கு நேரமாகிவிட்டது என்று தனக்கே சொல்லிக்கொண்டு பையில் போட்டாள்.

குளம் கட்டடத்துக்குள் இருந்தது. பெற்றோர் உட்காரும் மாடத்திலிருந்து கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். முதலில் கண்ணில் பட்டது அவள் கணவன். பிளாஸ்டிக் நாற்காலியில் தலை பின்னால் தொங்க, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். மடியில் மகளின் துண்டு. பக்கத்திலிருந்த பெண்மணி அவன் சாய்ந்து விழாமலிருக்கத் தன் பையை முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்.

பிறகு கண்ணாடிக்குக் கீழே பார்த்தாள். நீலத் தொப்பி ஒன்று குளத்தின் குறுக்கே போய்க்கொண்டிருந்தது. கை மாற்றிக் கை போட்டு, பக்கவாட்டில் முகம் திருப்பி மூச்செடுத்து, அவசரமில்லாமல். நல்ல பிள்ளை, யார் வீட்டுப் பிள்ளையோ என்று நினைத்தாள். அது அந்தக் கரையைத் தொட்டு, தொப்பியைக் கழற்றித் தண்ணீரை உதறியது. அவள் வீட்டு வாலு.

வாலு அண்ணாந்து பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் அம்மாவைப் பார்த்தாள். உடனே சுவரின் கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு முகத்தைப் பயந்த முகமாக மாற்றினாள். கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

உடை மாற்றும் அறையில் தலை துவட்டும்போது கேட்டாள்.

"எப்பலேருந்து நீந்தற?"

"எப்பவும் இல்லம்மா."

"வாலு."

"ரெண்டு மாசமா. வியாழக்கிழமை மட்டும்."

வியாழக்கிழமை அவள் பறக்கும் நாள். அப்பாதான் அழைத்து வருவார்.

"அப்பாக்குத் தெரியுமா?"

"அப்பா வந்த ஒடனே தூங்கிடுவாரு."

"அப்ப நான் வர்றப்ப எதுக்குப் பயப்படற?"

துண்டுக்குள்ளிருந்து பதில் வந்தது. "நீ கைய நீட்டிட்டே நிப்ப இல்ல. புடிக்கலன்னா ஒனக்கு ஒரு மாதிரி இருக்கும்னு நெனச்சேன்."

அவள் தொடர்ந்து துவட்டினாள். தலை எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது.

அன்று மாலை ஏழு மணிக்குக் கணவன் தன் வெள்ளை அங்கியை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். அவள் சமையலறை மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவன் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தவில்லை.

"நேத்தே தெரியும். கொசு மெசேஜ் போட்டிருந்தான். நீயா சொல்லுவேன்னு பாத்தேன்."

"மாத்திட்டு வந்து சொல்லலாம்னு இருந்தேன்."

"மாத்திட்டு வந்து என்ன சொல்லுவ? ஒன்னும் நடக்கலன்னா?"

"நான் உங்க ரெண்டு பேருக்காகத்தான் வேணாம்னு சொல்லிட்டிருக்கேன்."

"சரி." காலரைத் திருப்பிப் போட்டான். "எங்கள யாராச்சும் கேட்டாங்களா?"

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பதில் சொல்வது சுலபமாக இருந்திருக்கும். அவள் பார்வையைத் திருப்பிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவைப் பார்த்தாள். அங்கே மகளின் நாட்காட்டி. அம்மா வீட்டில் இருந்தால் பச்சை, பறந்தால் சிவப்பு, அப்பாவுக்கு இரவுப் பணி என்றால் ஓரத்தில் ஒரு நீலப் புள்ளி. மூன்று வருடமாக அவள் பச்சையை மட்டும்தான் எண்ணி வந்திருக்கிறாள். இப்போது புள்ளிகளை எண்ணினாள். பதினொன்று. எழுந்துபோய் முந்தைய மாதத்தைத் தூக்கிப் பார்த்தாள். பன்னிரண்டு.

"இவ்ளோ நைட் டூட்டி எதுக்கு எடுக்கற?"

"அலவன்ஸ் வருதுல்ல. வாடகைக்கு ஆகுது."

"என் சம்பளம் ஏறினா நீ இத விட்டுடலாம்."

"விடலாம். ராத்திரி தூங்கினா எப்படி இருக்கும்னு பாக்க எனக்கும் ஆசைதான்." சிரித்தான். பிறகு பெட்டியை நிமிர்த்தி வைத்தான். "ஆனா என் தூக்கத்துக்காகப் போறேன்னு மட்டும் சொல்லாத. இவ்ளோ நாள் எங்களுக்காகப் போகல, இனிமே எனக்காகப் போற. ரெண்டையும் என் தலைலயே கட்டுவியா?"

அவள் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஒன்னே ஒன்னு சொல்லு. அந்தச் சீட்டு உனக்கு வேணுமா?"

அவள் மேகத்தை நினைத்தாள். அதன் இடப்பக்கம் சுத்தமான நீலமாக இருந்தது. யாரும் போகாத பக்கம்.

"வேணும்," என்றாள். குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது. "பயமாவும் இருக்கு."

"இருக்கட்டும். பயமே இல்லாத கேப்டன் ஓட்டற ப்ளைட்ல நான் ஏற மாட்டேன்."

"விளையாடாத. மொத வருஷம் ரொம்ப மோசமா இருக்கும். உனக்குக் காய்ச்சல் வந்தாலும் போன் வந்தா நான் போகணும்."

"எனக்குக் காய்ச்சல் வந்தா நீ பண்ற கலாட்டாவுக்கு நீ போறதே மேல்."

வியாழக்கிழமை மாலை அவள் வேலை முடிந்து வந்தபோது வாலு மேசையில் வண்ணப் பென்சில்களைப் பரப்பி அடுத்த மாதத்துக்கான கட்டங்களை வரைந்துகொண்டிருந்தாள். அவள் எதிரே உட்கார்ந்தாள். ஒளிக்காமல் சொன்னாள். கேப்டன் என்றால் என்ன, ரிசர்வ் என்றால் என்ன, பதினாலு மாதம் என்றால் எவ்வளவு, நாளை மாலை ஐந்து மணி தாண்டினால் என்ன ஆகும்.

"பதினாலு மாசத்துல நான் நாலாவது போயிடுவேன்," என்றாள் வாலு.

"ஆமா."

"ரிசர்வுக்கு என்ன கலரு? வீட்லதான் இருப்ப. ஆனா இருக்க மாட்ட."

"மஞ்சள் போடலாமா? போன் வந்தா போவேன். வரலன்னா இருப்பேன்."

"எவ்ளோ தடவ வரும்?"

"கொசு மாமாவுக்குப் பாதி நாள் வருதாம்."

வாலு யோசித்தாள். "ஸ்கூல்ல நீச்சல் போட்டி இருக்கு. மூணு மாசம் கழிச்சு. அதுக்கு வருவியா?"

வருவேன் என்று சொல்ல வாய் திறந்தது. மூன்று வருடமாக அந்தச் சொல்லுக்கு ஒரு குறையும் வந்ததில்லை.

"தெரியாது," என்றாள். "வர முடியலன்னா முன்னாடியே சொல்லக்கூட முடியாது. திடீர்னுதான் தெரியும். இனிமே நிறைய தடவ தெரியாதுன்னுதான் சொல்லுவேன்."

வாலுவின் உதடு கொஞ்சம் இறங்கியது. மஞ்சள் பென்சிலை எடுத்து முனையைப் பார்த்தாள், சீவினாள், சீவிய தூளை ஊதினாள்.

"அப்பா வருவாரா?"

"கண்டிப்பா வருவாரு."

"முழிச்சிட்டு இருப்பாரா?"

அவளால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. "அதுக்குத்தான் இவ்ளோவும்," என்றாள். சொன்ன பிறகு திருத்தினாள். "இல்ல. எனக்கும் ஆசையா இருக்கு. அம்மாவுக்கு அந்த வேல செய்யணும்னு ஆசை."

"அப்ப மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே," என்றாள் வாலு. அப்பாவின் குரல் அப்படியே இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை நாலரைக்கு நீச்சல் வகுப்பு தொடங்கியது. அவள் நீச்சலுடையில் படியில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்தாள். நான்கு ஐம்பது. சாம்பல் நிறப் பட்டன் அங்கேயே இருந்தது. மனதுக்குள் கணக்கு இன்னொரு தடவை ஓடியது. இரண்டு மாதப் பயிற்சி, பதினாலு மாத மஞ்சள், நீலப் புள்ளி இல்லாத நாட்காட்டி. ஒரு பக்கம் முழுதாக ஜெயிக்கும் கணக்கு இல்லை அது. எத்தனை தடவை போட்டாலும் ஒரு மிச்சம் நின்றது. அந்த மிச்சம் வாலுவின் உதடு இறங்கிய அளவுக்கு இருந்தது.

கைப்பேசியைத் துண்டில் சுற்றிப் பைக்குள் போட்டு மூடினாள். தண்ணீரில் இறங்கினாள்.

"நீ அந்தப் பக்கம் போய் நில்லு," என்றாள் வாலு. "கைய நீட்டாத."

"முழுகிட்டா?"

"கோச் இருக்காங்க. நீ கையப் பின்னாடி கட்டிக்கோ."

அவள் குளத்தின் மறுகரைக்குப் போய், சுவரில் முதுகைச் சாய்த்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். மார்பளவு தண்ணீர். எதிர்ச்சுவரில் பெரிய கடிகாரம் இருந்தது. அதற்குக் கீழே நீலத் தொப்பி சுவரை உதைத்துக் கிளம்பியது. பாதி வழியில் ஒரு தடவை தண்ணீரைக் குடித்து, இருமி, நின்ற இடத்திலேயே தத்தளித்தது. அவள் விரல்கள் பின்னால் ஒன்றையொன்று நெரித்தன. பயிற்சியாளர் கரையில் இரண்டடி முன்னால் வந்தார். தொப்பி தானே சமாளித்துக்கொண்டு மறுபடி கையை வீசியது.

மாடத்தில் அவள் கணவன் கண்ணாடியோடு ஒட்டி நின்றிருந்தான். விழித்துத்தான் இருந்தான்.

வாலு அவளுக்குப் பக்கத்தில் சுவரைத் தொட்டு, மூச்சு வாங்க, முகத்தை வழித்துக்கொண்டாள்.

"அஞ்சு ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு. மூணு நிமிஷம் ஆச்சு."

"அப்ப நீ கேப்டனா?"

"இன்னும் ரெண்டு மாசம் படிக்கணும். அப்புறம் பரீட்ச வேற இருக்கு."

"ஃபெயில் ஆனா?"

"தெரியாது."

"சரி," என்றாள் வாலு. தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பினாள். "இப்ப நீயும் வா. யார் மொதல்ல போறாங்கன்னு பாக்கலாம்."

பதிலுக்குக் காத்திராமல் சுவரை உதைத்துக் கிளம்பிவிட்டாள். முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த கைகளை அவள் அவிழ்த்தாள்.